மாரிக் காய்ச்சலுக்கு எங்கே போவது? மூன்றாம் நாளுக்குள் எடுக்க வேண்டிய முடிவு

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டால், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தெருவுக்கு இரண்டு மூன்று பேராவது காய்ச்சலில் கிடப்பார்கள். அதில் பெரும்பாலானவை நாலைந்து நாளில் தானாகவே போய்விடும் வைரஸ் காய்ச்சல்கள். ஆனால் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வருவதும் இதே மாதங்களில்தான். முற்றத்துச் சிரட்டையிலும் கூரைப் பீலியிலும் தண்ணீர் தேங்குவதும், பெரும்போக வயலில் சேற்றுக்குள் இறங்கி நிற்பதும் நமக்கு ஒரே காலத்தில் வருகின்றன. முதல் இரண்டு நாளில் இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவது அனுபவமுள்ள வைத்தியருக்கே கடினம். அதனால் இது என்ன காய்ச்சல் என்று வீட்டில் இருந்து மண்டையை உடைப்பதை விட்டு, இன்றைக்கு எத்தனையாம் நாள், இன்றைக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்கச் சொல்கிறேன்.

நம் ஊர்களில் காய்ச்சலுக்கு உள்ள வழிகள் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலேயே பார்த்துக்கொள்வது, பாமசியில் மாத்திரை கேட்டு வாங்குவது, பக்கத்து டிஸ்பென்சரி, பின்னேரம் சனல் பண்ணுவது (காசு கட்டித் தனியாக ஒரு வைத்தியரைப் பார்ப்பது), நேரே லாப்புக்குப் போய் இரத்தம் கொடுப்பது, நாட்டு வைத்தியம், அரச வைத்தியசாலை. இவற்றில் பலவற்றுக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் தவறும்போதுதான் பிழைத்திருக்க வேண்டியவர்களை இழக்கிறோம்.

முதலில் டெங்குவின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில் தங்கியிருக்கிறது. காய்ச்சல் இரண்டு முதல் ஏழு நாள் வரை இருக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு, பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில், சிலருக்கு இரத்தக் குழாய்களில் இருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். அந்த நீர் நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் சேரும். குழாய்க்குள் இரத்தம் தடித்து அழுத்தம் விழும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அதற்குள் ஆளைக் கவனமாகப் பார்த்தால் மீண்டுவிடுவார். பார்க்காமல் விட்டால், காலையில் எழுந்து கஞ்சி குடித்த மனிதர் இரவில் கை கால் குளிர்ந்து கிடப்பார். காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்று குடும்பமே நிம்மதியடையும் அந்த நாள்தான் டெங்குவில் ஆபத்தான நாள். இதை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆகவே காய்ச்சல் தொடங்கிய திகதியையும் நேரத்தையும் கலண்டரில் எழுதிவிடுங்கள். திங்கள் பின்னேரம் உடம்பு சுட்டது என்றால் செவ்வாய் பின்னேரத்தோடுதான் முதல் நாள் முடிகிறது. வைத்தியர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். 'ரெண்டு மூணு நாளா இருக்கு டொக்டர்' என்ற பதில் அவருக்கு உதவாது.

வீட்டில் எதுவரை?

சுகதேகியான ஒரு பெரியவரோ, ஓடியாடித் திரிகிற ஒரு பிள்ளையோ என்றால் முதல் இரண்டு நாளும் வீடு நல்ல இடம்தான். செய்ய வேண்டியது அதிகமில்லை. பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், அதுவும் சரியான அளவில்: பெரியவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. உடல் மெலிந்தவருக்கும் ஈரல் நோய் உள்ளவருக்கும் இந்த அளவும் கூட, வைத்தியரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். பிள்ளைக்கு வயதைப் பார்க்காமல் நிறையைப் பார்த்துக் கொடுங்கள், ஒரு கிலோவுக்கு ஒரு வேளையில் 15 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். பனடோல் கொடுத்தும் சூடு முழுதாக இறங்கவில்லையே என்று நேரத்தைக் குறுக்கி அடிக்கடி கொடுப்பது ஈரலைத்தான் பழுதாக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிடலாம்.

குடிப்பதற்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது. கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசல்), பழச்சாறு, சூப் என்று மாறி மாறிக் கொடுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் சுமார் இரண்டரை லீற்றர் கணக்கு. சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாந்தி எடுத்தால் அது இரத்தமா, குடித்த நெக்டோவா என்று வைத்தியசாலையில் தடுமாற வேண்டிவரும். சிறுநீர் எத்தனை தரம் போனார் என்று ஒரு துண்டில் குறித்து வையுங்கள். ஆறு மணித்தியாலமாகப் போகவில்லை என்றால் அதற்குப் பிறகு வீடு சரியான இடமில்லை.

நுளம்பு வலை பகலிலும் வேண்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. படுத்திருப்பவரைக் கடித்துவிட்டு அது அடுத்த அறையில் இருக்கும் தம்பியைத் தேடிப் போகும்.

வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பிணித் தாய், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, முதியவர், சீனி வருத்தமோ பிறசரோ இருதய, சிறுநீரக நோயோ உள்ளவர், உடல் பருத்தவர், தனியாக வாழ்கிறவர். இவர்கள் முதல் நாளே வைத்தியரைப் பார்க்க வேண்டும். இருதயத்துக்கு அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்றவை எடுக்கிறவர் காய்ச்சல் வந்ததுமே கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். டெங்குவில் அவை இரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். ஆனால் தானாக நிறுத்துவதும் இருதயத்துக்கு ஆபத்து. அதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர்தான்.

பாமசி

இதை நீட்ட விரும்பவில்லை. காய்ச்சலுக்கும் உடம்பு நோவுக்கும் ஏதாவது தாங்க என்று கேட்டால் பல இடங்களில் பனடோலுடன் சேர்த்து டைக்ளோபினாக்கோ, இபுபுரூபனோ, மெபெனமிக் அமிலமோ கையில் வந்துவிடுகிறது. நோவு சட்டென்று குறையும், உண்மை. டெங்கு என்றால் இதே மாத்திரைகள் இரைப்பையில் இரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். எலிக்காய்ச்சல் என்றாலும் ஏற்கெனவே தவிக்கிற சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. குண்டிவழியாக வைக்கும் டைக்ளோபினாக் குளிசையும் இதில் சேர்த்திதான். பிள்ளைகளுக்குச் சூடு இறக்க அதை வைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மாரி காலக் காய்ச்சலுக்கு பாமசியில் வாங்க வேண்டியது பனடோலும் ஜீவனியும் மட்டும்.

டிஸ்பென்சரியும் சனலும்

இரண்டையும் ஒன்றாகத்தான் பேச வேண்டும், நல்லதும் கெட்டதும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்று. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, வேலை விட்டு வந்து, வரிசையில் அதிகம் நிற்காமல் பார்க்கலாம். உங்கள் குடும்பத்தை நீண்ட காலமாகத் தெரிந்த வைத்தியர் என்றால் அது பெரிய பலம். யாருக்குச் சீனி, யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். முதல், இரண்டாம் நாளில் இப்படியொருவரிடம் காட்டி, எப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டு வருவது மிக நல்ல முடிவு. சனலில் வரும் பலர் பகலில் அரச வைத்தியசாலையில் வேலை செய்பவர்களே. நிலைமை மோசம் என்று கண்டால் ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிடுவார்கள், அந்தக் கடிதம் வாட்டில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிழை எங்கே வருகிறது என்றால், நம் எதிர்பார்ப்பில் வருகிறது. காசு கொடுத்துப் போனால் ஊசி வேண்டும், சேலைன் ஏற்ற வேண்டும், நாளைக்குக் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும். ஊசி போடாத வைத்தியர் கெட்டிக்காரர் இல்லை என்று பேசுகிற ஆட்களை நானே கேட்டிருக்கிறேன். அந்த நெருக்குதலுக்கு இடங்கொடுக்கிற சிலரும் இருக்கிறார்கள். ஸ்டீரொயிட் ஊசியோ டைக்ளோபினாக் ஊசியோ போட்டால் சூடு இறங்கும், நோயாளி எழுந்து உட்காருவார். நோய் உள்ளே தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும், வெளியில் காட்ட வேண்டிய அடையாளத்தை மட்டும் இழந்திருக்கும். சேலைனும் அப்படியே. முதல் இரண்டு நாளில் ஏற்றுகிற சேலைன் பின்னால் வரும் கசிவைத் தடுக்காது. கசிவு தொடங்கிய பிறகு அளவில்லாமல் ஏற்றினால் அந்தத் தண்ணீர் நெஞ்சுக்குள் சேர்ந்து மூச்சை அடைக்கும். வாட்டில் மணிக்கு இவ்வளவு மில்லிலீற்றர் என்று அளந்து கொடுப்பதும், இடையிடையே பி.சி.வி. (இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் அளவு) பார்ப்பதும் அதற்காகத்தான். ஒரு போத்தலை மாட்டிவிட்டு ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் இது நடக்காது.

இன்னொரு குறை, தொடர்ச்சி இல்லாமை. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது முதல் நாள் ஒரு டிஸ்பென்சரி, அடுத்த நாள் அயலவர் சொன்ன வேறொரு டிஸ்பென்சரி, அதற்கடுத்த நாள் சனல் என்று ஓடினார்கள். மூன்று இடத்திலும் மருந்து மாறியது, எந்த இடத்திலும் நேற்று என்ன கொடுத்தார்கள் என்ற சீட்டு இல்லை. நாலாம் நாள் வயிற்றுவலி தாங்காமல் வைத்தியசாலைக்குப் போனபோது, ஊசியில் என்ன போட்டார்கள் என்று கேட்ட வைத்தியருக்குச் சொல்ல யாரிடமும் பதில் இல்லை. அக்கா தப்பினார். எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் மருந்தின் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

எந்தப் பரிசோதனை, எப்போது?

நேரே லாப்புக்குப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் டெங்கு டெஸ்ட். அதாவது என்.எஸ்.1. காய்ச்சலின் முதல் நாட்களில், ஏறக்குறைய ஐந்தாம் நாள் வரை, இரத்தத்தில் உள்ள வைரஸ் புரதத்தைக் காட்டும் பரிசோதனை அது. பொசிட்டிவ் என்றால் டெங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னொரு தடவை டெங்கு வந்தவர்களுக்கு இது தவறவிடுவது இன்னும் கூடுதல். மறுதடவை வரும் டெங்குவே கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நெகட்டிவ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வயலுக்குப் போனவர்கள் உண்டு.

எப்.பி.சி. அதைவிட மலிவு, அதைவிடப் பயனுள்ளது. மூன்றாம் நாள் கட்டாயம் ஒன்று, பிறகு வைத்தியர் சொல்கிறபடி தினமும். அதில் பிளேட்லட்டை (இரத்தம் உறைய உதவும் அணுக்களை) மட்டும் பார்ப்பது நம் வழக்கம். 150,000இல் இருந்து 450,000 வரை சாதாரண அளவு, 100,000க்குக் கீழே போனால் கட்டாயம் வாட்டில் இருக்க வேண்டும். ஆனால் வைத்தியர் முதலில் பார்ப்பது வெள்ளணு. டெங்குவில் அது 5,000க்குக் கீழே இறங்கும், பிளேட்லட் விழுவதற்கு முன்பே இறங்கும். எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் வெள்ளணு ஏறும், பிளேட்லட் மட்டும் இறங்கும். அப்புறம் பி.சி.வி.: அது தன் சாதாரண அளவைவிட ஐந்திலொரு பங்கு ஏறினால் கசிவு நடக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். லாப் துண்டை வாங்கி பிளேட்லட் 160,000, பிரச்சினையில்லை என்று நாமே முடிவு செய்து வீட்டுக்குத் திரும்புவது இதனால்தான் ஆபத்து. நேற்று 240,000ஆக இருந்து இன்று 160,000 என்றால் அது விழுந்துகொண்டிருக்கிற எண். கூடுமானவரை ஒரே லாப்பில் எடுங்கள், துண்டுகளை வரிசையாக வைத்திருங்கள்.

நாட்டு வைத்தியம்

கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் ஒரு கேடுமில்லை, உள்ளே நீர் போகிறது, மனதுக்கும் இதம். பப்பாசி இலைச் சாறு வேறு விடயம். பிளேட்லட்டைக் கொஞ்சம் ஏற்றுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் பிளேட்லட் குறைவது இல்லை, நீர் கசிவதுதான். அந்தச் சாறு கசிவை நிறுத்தியதாக எந்தச் சான்றும் இல்லை. கசப்புத் தாங்காமல் வாந்தி எடுத்து உள்ளதும் போகிறவர்கள்தான் அதிகம். சுதேச வைத்தியரிடம் நம்பிக்கை உள்ளவர்கள் காய்ச்சல் முழுதாக விட்டு, உடம்பு தேறும் காலத்தில் அவரிடம் போவதில் எனக்கு மறுப்பில்லை. மூன்றாம் நாளில் இருந்து ஏழாம் நாள் வரை மட்டும் வேண்டாம்.

அம்மாள் வருத்தம் (கொப்பளிப்பான்) என்று நினைத்துவிடுவதையும் இங்கே சொல்ல வேண்டும். காய்ச்சலோடு உடம்பு சிவந்தால் வேப்பிலை செருகி, வைத்தியரிடம் கொண்டுபோகாமல் வீட்டில் கிடத்துகிற வழக்கம் கண்ணகியம்மனைக் கும்பிடும் நம் ஊர்களில் ஆழமானது. அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். கொப்பளிப்பானில் நீர்க் கொப்புளம் இருக்கும். டெங்குவில் கொப்புளம் இராது, தோல் முழுவதும் சிவந்து தடித்தாற்போல் இருக்கும். கொப்புளம் தெரியாத சிவப்பு என்றால் வைத்தியரிடம் காட்டிவிட்டு வந்து நேர்த்தி வையுங்கள். அம்மாள் கோபிக்க மாட்டாள்.

அரச வைத்தியசாலை: என் தெரிவு

மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் அரச வைத்தியசாலை என்பதே என் முடிவு. வரிசை நீளம், கதிரை இல்லை, நாள் சம்பளம் போகும், எல்லாம் உண்மை. காத்திருக்கிற வேதனையை நான் சிறிதாகச் சொல்லவில்லை. நாளாந்தக் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் சாப்பாடு. ஆனாலும் வேறெங்கும் கிடைக்காத ஒன்று அங்கே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு தாதி வந்து நாடி பிடித்து, அழுத்தம் பார்த்து, சிறுநீரை அளந்து எழுதுவார். டெங்குவுக்கு இதுவரை வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. அந்தக் கண்காணிப்புதான் சிகிச்சை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி ஆதார வைத்தியசாலைகளிலும், தெற்கே கல்முனை வடக்கு, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்தம், அக்கரைப்பற்று, சம்மாந்துறை, திருக்கோவில் என்று கரையோரம் முழுவதும் வாட்டு வசதியுள்ள இடங்கள் இருக்கின்றன. எல்லாம் இலவசம்.

தனியார் வைத்தியசாலையில் அறை எடுத்தால் என்ன என்று வசதியுள்ளவர்கள் கேட்பதுண்டு. தனி அறை, குளிரூட்டி, கூட நிற்க இடம், இதமாகப் பேசும் ஊழியர்கள். சாதாரண காய்ச்சலுக்கு அது வசதிதான். கசியும் டெங்கு என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இரவு முழுவதும் இங்கே வைத்தியர் இருப்பாரா, நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா? இல்லை என்றால் நடுராத்திரியில் அரச வைத்தியசாலைக்கே மாற்றுவார்கள். மாற்றுகிற அந்த ஒரு மணித்தியாலத்தில் ஆள் மோசமாவார். அறையின் வசதிக்காக இந்த ஆபத்தை வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சிறிய பிரதேச வைத்தியசாலையா, நேரே பெரியதா? முதல் இரண்டு நாளுக்கும், முதல் எப்.பி.சிக்கும் அருகில் உள்ள சிறியதே நல்லது. கூட்டம் குறைவு, தேவை என்றால் அவர்களே அம்புலன்ஸில் அனுப்புவார்கள். பிளேட்லட் விழத் தொடங்கிய பிறகு, அல்லது கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல்முரசில் அல்லது மூக்கில் இரத்தம், கறுப்பு மலம், கை கால் குளிர்தல், மயக்கம், பிள்ளை என்றால் வழமைக்கு மாறான தூக்கமோ அழுகையோ கண்டால், வெளிநோயாளர் வரிசையில் நிற்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அது இரவிலும் திறந்திருக்கும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

படுவான்கரைக் கணக்கு வேறு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் பிரதான வீதியோரம் இருப்பவருக்கு வைத்தியசாலை ஓட்டோவில் கால் மணித்தியாலம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருப்பவருக்கு அப்படியில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குப் பெரிய விடிவு வந்தது. ஆனால் மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும், அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும் ஆட்களை வாவியின் அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் பாதையை (மிதவைப் படகை) இரவிலும் பெருங்காற்றிலும் நம்பி இருக்க முடியாது. உள்வீதிகள் வெள்ளத்தில் மூழ்கினால் சுற்றிப் போவதற்கே அரை நாள். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மதரசா மாணவர்கள் உயிரிழந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் வெள்ளத்தைக் கடக்கும் நிலைக்கு எந்தக் குடும்பமும் வரக் கூடாது.

ஆகவே படுவான்கரையிலும், வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) வாடி போட்டுத் தங்குகிறவர்களுக்கும் மூன்றாம் நாள் என்பதை இரண்டாம் நாள் என்று மாற்றி வாசியுங்கள். மழை கறுத்து நிற்கிறது என்றால் முதல் நாள் பின்னேரமே வாவிக்கு இந்தப் பக்கம் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். மாமி வீட்டில் இரண்டு நாள் இருந்து காய்ச்சல் ஒன்றுமில்லை என்று திரும்பிப் போவதில் யாருக்கும் குறைவில்லை.

வயலில் இறங்கியவர் என்றால்

இதுவரை சொன்ன மூன்றாம் நாள் கணக்கு டெங்குவை மனதில் வைத்தது. கடந்த இரண்டு மூன்று கிழமைக்குள் வயலில், வாய்க்காலில், வெள்ளத்தில் கால் நனைத்தவருக்கு அது பொருந்தாது. எலியின், மாட்டின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து காலில் உள்ள வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி ஏறுகிறது. தண்ணீரில் ஊறி வெளிறிய தோல் போதும், பெரிய காயம் தேவையில்லை. கடுமையான தலையிடி, கெண்டைக்காலைத் தொட்டாலே உயிர் போகிற நோவு, பீளை இல்லாத சிவந்த கண். பிறகு மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல். இதற்கு டெங்கு போலில்லாமல் மருந்து இருக்கிறது, டொக்சிசைக்கிளின், பெனிசிலின் போன்ற சாதாரண அன்டிபயோட்டிக்தான். எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ சிறுநீரகம் அவ்வளவுக்குத் தப்பும். அதனால் வயல் வேலை செய்கிறவருக்கு வீட்டில் பார்ப்போம் என்ற தெரிவே இல்லை. காய்ச்சல் வந்த அன்றைக்கே அல்லது மறுநாள் காலை அரச வைத்தியசாலை. உள்ளே போனதும் சொல்ல வேண்டிய முதல் வசனம், 'நான் வயலுக்குள்ள இறங்கினவன்.' அந்த வசனத்தைச் சொல்லாமல் விட்டால் வைத்தியர் டெங்குவை மட்டும் யோசிக்கக்கூடும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பிறகு என்ன காய்ச்சல் என்று தெரியாமல் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. 2008இல் நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்டோருக்கு அது சந்தேகிக்கப்பட்டது.

சீனி வருத்தத்தோடு வயலில் வேலை செய்கிறவருக்கு இன்னொரு கிருமியும் உண்டு, மெலியொயிடோசிஸ். ஈர மண்ணிலும் நீரிலும் வாழ்வது, மட்டக்களப்பில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரு கிழமை தாண்டியும் விடாத காய்ச்சல், சளி, உடம்பில் சீழ்க்கட்டி என்றால் வைத்தியரிடம் இரத்த வளர்ப்புப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சாதாரண அன்டிபயோட்டிக்குகள் பல அதற்கு வேலை செய்யாது.

மலேரியாவை நம் பெற்றோர் இன்னும் நினைப்பார்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆபிரிக்காவோ இந்தியாவோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் அதைச் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும்.

விதைப்புக்கு இறங்கப் போகிறவர்கள் காய்ச்சல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் கிழமைக்கு ஒரு தடவை எடுக்கத் தருவார்கள். இலவசம். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் கூடாது. அதை எடுத்தாலும் காய்ச்சல் வந்தால் மேலே சொன்னபடியே உடனே போக வேண்டும். முல்லைக்காரர்களுக்கு (வயல் வேலையாட்களுக்கு) சேர்த்து வாங்கிக் கொடுப்பதை, வயல்களை மேற்பார்க்கும் வட்டவிதானைமாரும் வயற்சொந்தக்காரரான போடியார்மாரும் கையில் எடுத்தால் ஒரே நாளில் முழு வட்டைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வாங்க வேண்டிய நேரம் விதைப்புக்கு முந்திய கிழமை.